முழுத் தேக்கு என்று எழுதிய சீட்டு

தென்காசியில் நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த மேஜை நாற்காலிப் பட்டறையில் போன மாதம் புது போர்டு மாட்டியிருக்கிறார்கள். 'இங்கே பிளைவுட் வேலை மட்டும்' என்று எழுதியிருக்கிறதாம். அந்த 'மட்டும்' என்கிற வார்த்தைதான் இப்போது என் வீட்டுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறது. பட்டறையில் இப்போது இருக்கும் தச்சர்கள் வேலை முடிந்து போகிற வழியில் வந்து உட்கார்ந்துகொண்டு, "அண்ணாச்சி, மரம் நல்லதா பிளைவுட்டு நல்லதா? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்கிறார்கள். "பீரோவ எங்கன வைக்கப்போறீய?" என்று நான் கேட்பேன். கிழவர் மழுப்புகிறார் என்று தங்களுக்குள் சிரித்துக்கொண்டு, காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

மழுப்பவில்லை, அதுதான் பதில். அந்தப் பதிலை நான் படித்தது எப்படி என்று சொல்ல ஆரம்பித்தால் காபி ஆறிப்போகும் என்பதால் எழுதிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மீசை அரும்புகிற வயதில் அந்தப் பட்டறையில் தச்சு வேலைக்குத்தான் சேர்ந்தேன். நான் இழைப்புளி பிடித்தால் பலகை ஆற்றுத் தண்ணீர் மாதிரி அலை அடிக்கும். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்த மேஸ்திரி ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டு, "செல்லையா, உனக்கு மூக்கும் காதும் நல்லாருக்கு. கைய மட்டும் வீட்ல வச்சிட்டு வா" என்றார். அப்படித்தான் நான் மரம் பொறுக்குகிறவன் ஆனேன். மர டிப்போவிலும் செங்கோட்டை ரயில் யார்டிலும் போய் நின்று, எந்தத் தடி நமக்கு, எந்தத் தடி அடுத்தவனுக்கு என்று சொல்வதுதான் உத்தியோகம். என் மனைவி அந்த உத்தியோகத்தின் பெயரைச் சுருக்கிச் சொல்வாள். அதை இங்கே எழுத முடியாது.

எனக்கு மேலே இருந்தவர் மானேஜர் கோமதிநாயகம் அண்ணாச்சி. அவருக்கும் உளி பிடிக்கத் தெரியாது. ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க்காக இருந்தவர். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து செங்கோட்டைக்கு வந்து இறங்கும் மரத்துக்கெல்லாம் வருஷக்கணக்கில் ரசீது எழுதி எழுதி, மரத்தின் குணம் அவருக்குத் தெரிந்துபோயிருந்தது. ஆள் ஒல்லி. சட்டைப் பையில் ஒரு இரும்பு ஆணியும், நாக்கில் நனைத்து எழுதினால் ஊதா நிறத்தில் விழுமே, அந்தக் காப்பியிங் பென்சிலும் எப்போதும் இருக்கும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அதைவிட மோசம், அவர் கேள்விதான் கேட்பார். தப்புச் செய்தவன் முன்னால் போய் நின்று, "இது என்ன மரம் வே?" என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி ஆரம்பிப்பார். நாலாவது கேள்வியில் நமக்கே நம் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது.

ஒரு தடியைத் தேர்ந்தெடுக்க அவர் வைத்திருந்த முறை இது. முதலில் இரண்டு வெட்டு முகத்தையும் பார்க்க வேண்டும். நடுவில் கருத்திருக்கும் வைரம் எவ்வளவு, சுற்றியிருக்கும் வெள்ளை எவ்வளவு என்று விரலால் அளக்க வேண்டும். வெள்ளை பூச்சிக்கு, வைரம்தான் நமக்கு. பிறகு ஒரு முனையில் காதை வைத்துக்கொண்டு மறுமுனையில் ஒருவரைக் கல்லால் தட்டச் சொல்ல வேண்டும். சத்தம் கணீரென்று வந்தால் உள்ளே வெடிப்பும் பொந்தும் இல்லை. அடுத்தது மூக்கு. அதற்கடுத்தது நாக்கு, ஒரு சிராயை வாயில் போட்டு மெல்ல வேண்டும். கடைசியில் மரத்தை நனைத்து அண்ணாச்சியின் ஆணியை அதில் அழுத்தி வைத்துவிட்டு வெற்றிலை போட்டுவிட்டு வர வேண்டும். ஆணி பட்ட இடம் கருத்திருந்தால் அந்த மரத்துக்கும் இரும்புக்கும் ஆகாது, பித்தளைத் திருகுதான் போட வேண்டும். தேக்கு கருக்காது, அதில் எண்ணெய் இருக்கிறது. இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. அதைக் குற்றாலம்தான் கொஞ்சம் இறக்கி வைத்தது.

சீசனுக்கு வந்து பங்களா எடுத்துத் தங்கியிருந்த ஒரு வக்கீல், துணி மாட்ட ஒரு ஸ்டாண்டு கேட்டார். நான் வேங்கையைத் தேர்ந்தெடுத்தேன். கனமான மரம், அழகான ரேகை, கரையான் கிட்டே வராது. அந்த ஸ்டாண்டைப் பார்த்து நானே இரண்டு தடவை சுற்றி வந்தேன். பத்தாவது நாள் வக்கீல் குதிரை வண்டியில் வந்து இறங்கி, நான்கு வெள்ளை வேட்டிகளையும் இரண்டு சட்டைகளையும் மேஜைமேல் விரித்தார். எல்லாவற்றிலும் குறுக்கே மஞ்சளும் பழுப்புமாகப் பட்டை பட்டையாகக் கறை. வேட்டி வரிப்புலி மாதிரி இருந்தது.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "வேங்கைக் குவளையில ராத்திரி தண்ணி ஊத்தி வச்சா காலைல என்ன நெறம் வே?"

"மஞ்சளா, செவப்பா வரும் அண்ணாச்சி."

"தெரியும்லா?"

"தெரியும்."

"குத்தாலத்துல சாரல் அடிக்கையில காத்துல என்ன வே இருக்கு?"

தென்காசியிலிருந்து குற்றாலம் கூப்பிடு தூரம்தான். ஆனால் ஆனி ஆடியில் இங்கே தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது அங்கே துண்டே காயாது. ஸ்டாண்டு செய்தது தென்காசிக்கு, நின்றது குற்றாலத்தில்.

அதற்குப் பிறகு இரண்டு வழக்கங்கள் பட்டறையில் வந்தன. முதலாவது, சாரல் காட்டுவது. ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஒரு ஓலைக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, எங்கள் பலகைகளை எல்லாம் ஒரு சாரல் முழுக்க அங்கே அடுக்கி வைப்போம். பிறகு தென்காசிக்குக் கொண்டுவந்து ஒரு கோடை முழுக்கக் காய விடுவோம். அதற்கப்புறம்தான் வாள் வைக்கலாம். பொறுமை இல்லாதவர்கள் வேறு பட்டறைக்குப் போனார்கள், அடுத்த வருஷம் அலமாரிக் கதவைத் திறக்க முடியாமல் எங்களிடமே வந்தார்கள்.

இரண்டாவது, சீட்டு. பீரோவோ கட்டிலோ, எதுவாயிருந்தாலும் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டுவோம். சட்டம் என்ன மரம், பலகை என்ன மரம், முதுகு, தட்டு, அடி என்ன மரம் என்று வரி வரியாக எழுதி, மரம் பொறுக்கியவன் கையெழுத்துப் போட வேண்டும். அதாவது நான். அண்ணாச்சி அதைப் படித்துப் பார்க்கவே மாட்டார். "உம்ம கையெழுத்து, உம்ம பொறுப்பு, இல்லியா?" என்பார். கொஞ்ச வருஷத்தில் எங்கள் பெஞ்சு நாற்காலியைவிட எங்கள் சீட்டுக்குப் பேர் வந்துவிட்டது. சிவகிரி வரைக்கும், கதவைத் திறந்து சீட்டைப் படித்துவிட்டுத்தான் மரத்தைத் தொடுவார்கள்.

பிளைவுட் எங்களிடம் வந்தது முப்பதுகளின் பாதிக்கு மேல். அதுவரை எஸ்டேட்டிலிருந்து வரும் தேயிலைப் பெட்டியாகத்தான் அதைத் தெரியும். பெட்டி உடைந்தால் அடுப்பில் போடுவோம். அண்ணாச்சி ஐந்து இடத்திலிருந்து ஐந்து துண்டு வரவழைத்து, "இதுக்கும் சாரல் காட்டிருவோமா வே?" என்றார். தேக்கு, அயினி, மருது, ஈட்டி, இவற்றோடு அந்த ஐந்தையும் ஒரே அளவில் வெட்டினோம். ஒவ்வொரு துண்டின் அகலத்துக்கும் சரியாக ஒரு நூலை வெட்டி, அதன் கழுத்திலேயே கட்டித் தொங்கவிட்டார் அண்ணாச்சி. சாரல் முடிந்ததும் நூலை வைத்துப் பார்க்க வேண்டும். மரம் ஊதியிருந்தால் நூல் குறையும், எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு அந்த மரம் ஆடும் என்று அர்த்தம்.

ஆவணியில் போய்ப் பார்த்தோம். மருது நூலை மீறி விரல் கனம் வளர்ந்திருந்தது. தேக்கு நகக்கண் அளவு. பிளைவுட் துண்டுகளில் நான்கு வெங்காயம் மாதிரி உரிந்து கிடந்தன. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அண்ணாச்சி ஐந்தாவதை எடுத்து நூலை வைத்தார். நூலும் துண்டும் ஒரே அளவு. மறுபடி வைத்தார், மறுபடியும் அப்படியே. பிளைவுட் என்பது மெல்லிய மரத்தாள்களை அடுக்கி ஒட்டியதுதான்; ஒரு தாளின் ரேகை நெடுக்கே ஓடினால் அடுத்த தாளின் ரேகை குறுக்கே ஓடுகிறது, ஒன்றை ஒன்று அசையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஒட்டிய பசை நல்லதாக இருந்தால் அது எங்கேயும் போகாது. மரம் என்றே நான் மதிக்காத ஒரு பொருள் மரத்தை ஜெயித்துவிட்டதே என்று எனக்கு அதன்மேல் கோபம் கோபமாக வந்தது. உரிந்த நான்கை நான் ஞாபகம் வைத்துக்கொண்டேன், உரியாத ஒன்றை அண்ணாச்சி ஞாபகம் வைத்துக்கொண்டார். அந்த ஒன்று வந்த இடத்திலிருந்து எட்டுப் பலகை வாங்கிப் பின்கட்டில் சாத்தி வைத்தார். நான் அந்தப் பக்கமே போவதில்லை.

பிறகு யுத்தம் வந்தது. தேக்கெல்லாம் பட்டாளத்துக்குப் போயிற்று. டிப்போ மொட்டைத் தலையாக நின்றது. எங்களிடம் சாரலும் கோடையும் பார்த்த பழைய தேக்கில் சட்டத்துக்கு ஆகிற ஒடுங்கிய துண்டுகள்தான் மிச்சம். கதவுக்கு ஆகிற அகலப் பலகை ஒன்றுகூட இல்லை. அப்படி ஒரு வைகாசிக் கடைசியில், அச்சன்புதூர் வேலுச்சாமி ஒரு முழுத் தேக்குத் தடியை வண்டியில் கட்டி ஓட்டிக்கொண்டு வந்தார்.

வேலுச்சாமி சம்சாரி, அதாவது விவசாயி. கொஞ்சம் வயல், ஒரே மகள் இசக்கியம்மாள். வண்டியை விட்டு இறங்கினதும், "அண்ணாச்சி, எம் மவளுக்கு ஒரு பீரோ வேணும். முழுத் தேக்குல. சிவகிரில மாப்ள வீட்ல நாலு பேரு முன்னால சொல்லிட்டேன்" என்றார்.

தடியைத் தொட்டுப் பார்த்தேன், கை ஈரமாயிற்று. "எப்ப வெட்டுனீரு?"

"முந்தாநேத்து. எங்க வயக்காட்டு மேக்கு வரப்புல நின்னுச்சு."

அண்ணாச்சி ஆணியைக்கூட எடுக்கவில்லை. "கல்யாணம் என்னைக்கு வேலுச்சாமி?"

"ஆனி பாதில. இன்னும் இருவது நாளு இருக்கு."

"தள்ளி வைக்க முடியாதா?"

"மாப்ள பட்டாளத்துல இருக்காரு அண்ணாச்சி. ஒரு மாச லீவுல வந்திருக்காரு. லீவு முடிஞ்சா சண்டைக்குத் திரும்பப் போயிருவாரு. அதுக்குப் பொறவு என்னத்தத் தள்ளி வைக்க?"

பிறகு அண்ணாச்சி, சட்டத்துக்குப் பழைய தேக்கு, கதவுக்கும் பக்கத்துக்கும் பிளைவுட் போடலாமா என்று கேட்டார். வேலுச்சாமியின் முகம் சுருங்கிவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் மாடசாமி எதையும் தட்டிப் பார்க்கிற மனிதராம். பானை, மாடு, கதவு எல்லாவற்றையும் தட்டுவார், புடலங்காயைக்கூடத் தட்டித்தான் வாங்குவாராம். "பீரோவத் தட்டிப் பாத்து டொப்புன்னு கேட்டுச்சுன்னா, முழுத் தேக்குன்னு சொன்னியே, எங்கலே தேக்குன்னு கேப்பாரு. எம் மவ அந்த வீட்ல காலம் பூரா தல குனிஞ்சு இருக்கணும்" என்றார். அவருக்குப் பீரோ பெரிதில்லை, நாலு பேர் முன்னால் சொன்ன சொல் நிற்க வேண்டும். எனக்கு அது அப்படியே புரிந்தது. எனக்குத்தான் பிளைவுட்டைக் கண்டாலே ஆகாதே.

மறுநாள் அண்ணாச்சி மரம் ஏற்றும் ரயில் வாகன் விஷயமாகக் கொல்லம் பக்கம் போக வேண்டியிருந்தது. "நாலு நாள்ல வந்திருவேன். அதுவரைக்கும் அந்தத் தடியில யாரும் கை வைக்க மாட்டீயல்லா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் ஏறின ரயில் ஸ்டேஷனைத் தாண்டும் முன்னே நான் கை வைத்துவிட்டேன்.

என் யோசனை ரொம்பச் சாமர்த்தியமானது என்று நினைத்தேன். கோடை முழுக்க வெயில் செய்வதை மூன்று நாளில் நெருப்பு செய்துவிடாதா? தடியைப் பலகையாக அறுத்து, தெருக்கோடியில் இருந்த நெல் அவிக்கும் களத்துக்குக் கொண்டுபோய், பெரிய அடுப்புகளுக்கு மேலே கழி கட்டிப் பலகைகளைப் பரப்பினேன். களத்தில் வேலை செய்த பெண்களுக்கு ஒரே சிரிப்பு. "என்ன அண்ணாச்சி, பலகைய அவிச்சு அரிசி எடுக்கப் போறீயளா?" என்றாள் ஒருத்தி. "எடுத்தா உனக்கும் ரெண்டு படி தாரேன்" என்றேன் நான்.

முதல் நாள் பலகை தொட்டால் எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் படீரென்று ஒரு சத்தம். நெல் அண்டாதான் வெடித்துவிட்டது என்று பெண்கள் ஓடினார்கள். அண்டா இல்லை, பலகை. மேல்தோல் காய்ந்து இறுகிவிட்டது, உள்ளே பச்சைத் தண்ணீர் அப்படியே இருக்கிறது. வெளியே சுருங்குகிறவனும் உள்ளே சுருங்க மறுக்கிறவனும் இழுத்த இழுப்பில் ஒவ்வொன்றாகப் பிளந்தன. பிளக்காதவை படகு மாதிரி வளைந்தன. சாயங்காலத்துக்குள் ஒரு முழுத் தேக்கு மரம், நாலு விறகுக் கட்டாகப் போய்விட்டது.

வேலுச்சாமி வந்தார். வளைந்த பலகை ஒன்றை எடுத்துக் குறுக்கே தடவிப் பார்த்தார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். "போட்டும் அண்ணாச்சி. எம் மவளுக்கு நல்லது செய்யணும்னுதான செஞ்சீய" என்றார். பலகையைக் கீழே வைத்துவிட்டு, "பிளைவுட்டே போடுங்க. சீட்டுல மட்டும் தேக்குன்னு எழுதிருங்க. அந்த மாடசாமிக்கு உங்க சீட்டு மேல நம்பிக்க உண்டு" என்றார். மரத்தைக் கெடுத்தவன் வேறு என்ன சொல்வது? எழுதுகிறேன் என்றேன்.

அண்ணாச்சி திரும்பி வந்து விறகுக் கட்டைப் பார்த்தார். "நெல்லு எத்தன மரக்கா கண்டுச்சு வே?" என்று ஒரே கேள்விதான். அதற்குமேல் நேரம் இல்லாததால் எல்லாரும் வேலையில் இறங்கினோம். மேஸ்திரி பழைய தேக்கில் சட்டம் சேர்த்தார். சட்டத்தில் காடி வெட்டி, அந்தப் பள்ளத்தில் பிளைவுட் பலகையை இறக்கினார். நான் தேக்குத் தூளைச் சலித்து வார்னிஷில் கலந்து தேய்த்தேன், மூக்கு வைத்தால் தேக்கு வாசம் அடிக்க வேண்டுமே. மூன்று கை பூச்சுக்குப் பிறகு என் கண்ணாலேயே சட்டம் எது பலகை எது என்று சொல்ல முடியவில்லை. சீட்டில், 'சட்டம்: தேக்கு. பலகை: தேக்கு' என்று எழுதி, 'செல்லையா' என்று கையெழுத்துப் போட்டேன். 'தேக்கு' என்கிற வார்த்தையை அவ்வளவு அழகாக நான் அதற்கு முன் எழுதியதில்லை.

வண்டி கிளம்பும்போது அண்ணாச்சி வந்தார். பையிலிருந்து காப்பியிங் பென்சிலை எடுத்து என் கையில் வைத்தார்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"சீட்டுல ஏதாவது விட்டுப்போயிருந்தா அங்கன வச்சு எழுத வேண்டாமா?"

சிவகிரியில் சீர் எல்லாம் பந்தலில் பரப்பி வைத்திருந்தார்கள். பித்தளைப் பானை, கட்டில், மெத்தை, நடுவில் எங்கள் பீரோ. மேஸ்திரியும் நானும் அதன் பாகங்களைச் சேர்த்து நிறுத்திவிட்டு ஓரமாக நின்றோம். வேலுச்சாமி புது வேட்டியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாடசாமி வந்தார். பெரிய மீசை, தோளில் அகலத் துண்டு. முட்டியை மடக்கிச் சட்டத்தைத் தட்டினார், கணீரென்றது. பலகையைத் தட்டினார்.

டொப்.

மறுபடி தட்டினார். டொப். பந்தலில் பேச்சு நின்றது. அவர் கதவைத் திறந்து, சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசித்துவிட்டுக் காதில் விரலை விட்டு ஆட்டினார். "தென்காசிப் பட்டறைச் சீட்டு பொய் பேசாது. எங் காதுதான் கெட்டுப்போச்சு போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அங்கேதான் என்னால் முடியவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் நானும் கூடக்கூடப் பேசிச் சமாளித்திருப்பேன். ஒரு மனிதர் தன் காதை நம்பாமல் என் கையெழுத்தை நம்புகிறார். பென்சில் பையில் குத்திற்று. முன்னால் போய், "அண்ணாச்சி, உங்க காது நல்லாத்தான் இருக்கு. பலகை பிளைவுட்டு. சீட்டுல பொய் எழுதினவன் நாந்தான்" என்று சொல்லி, பென்சிலை நாக்கில் நனைத்து, இரண்டாவது 'தேக்கு'வை அடித்துவிட்டு 'பிளைவுட்' என்று எழுதினேன்.

மாடசாமி என்னை விட்டுவிட்டு வேலுச்சாமி பக்கம் திரும்பினார். "முழுத் தேக்குன்னு சொன்னது யாரு வே?"

"நாந்தான்" என்றார் வேலுச்சாமி, தலையைக் குனிந்துகொண்டு.

மாப்பிள்ளைதான் காப்பாற்றினார். பட்டாளத்துக் கிராப்பும் பளிச்சென்ற சிரிப்புமாக எழுந்து வந்து பலகையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். "மாமா, ஏரோப்பிளேன் பாதிக்கு மேல இந்தப் பலகைலதான் செய்யுதாங்க. நான் கண்ணால பாத்திருக்கேன். ஆகாசத்துல ஆளத் தூக்கிட்டுப் போறது, எங்க வேட்டி சட்டையத் தாங்காதா?" என்றார். பந்தல் முழுக்க ஒரே சிரிப்பு. பிறகு சின்னப் பிள்ளைகள் எல்லாம் வந்து ஏரோப்பிளேன் பீரோ, ஏரோப்பிளேன் பீரோ என்று தொட்டுப் பார்த்தார்கள். பந்தி போட்டார்கள். நான் பாயசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தேன். நெஞ்சு லேசாகிவிட்டால் வயிறும் பெரிதாகிவிடுகிறது.

பட்டறைக்குத் திரும்பினதும் அண்ணாச்சி, "பென்சில் எங்க வே?" என்றார்.

"அவசரத்துல அங்கனயே விட்டுட்டேன் அண்ணாச்சி."

"எழுதிட்டீரா?"

"எழுதிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்" என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு அவருக்கு ஏதோ அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

யுத்தம் முடிந்து ஒரு வருஷம் இருக்கும். சிவகிரியிலிருந்து ஒரு கார்டு வந்தது. பீரோவின் பூட்டு இறுகிவிட்டது, ஆள் அனுப்பவும் என்று. ஆள் எதற்கு, நானே போனேன். பூட்டு ஒரு சாக்கு, பிளைவுட் உரிந்திருக்கிறதா என்று பார்க்க எனக்கு நாலு வருஷமாக அரிப்பு. மாப்பிள்ளை பட்டாளத்திலிருந்து நல்லபடியாகத் திரும்பி, போலீஸில் சேர்ந்து ஊருக்கு வெளியே டியூட்டியில் இருந்தார். இசக்கியம்மாள் இடுப்பில் பிள்ளையோடு கதவைத் திறந்தாள். அப்பா போன ஐப்பசியில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றாள்.

பீரோ அருமையாக இருந்தது. சட்டம் ஒரு மயிரிழைகூட விலகவில்லை. பலகை நேற்றுப் போட்ட மாதிரி. பூட்டில் எண்ணெய் விட்டுச் சரிசெய்துவிட்டு, ஒரு நூலை மூலைக்கு மூலை இழுத்துப் பிடித்துப் பலகை வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன்; இல்லை. நான் வாழ்க்கையில் வெறுத்த ஒரு பொருளைத் தட்டிக்கொடுத்தது அன்றைக்குத்தான்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும்" என்றாள் இசக்கியம்மாள்.

"கேளும்மா."

"அன்னைக்குப் பந்தல்ல பிளைவுட்டு பிளைவுட்டுன்னு சத்தமாச் சொன்னீய. மரத்தப் பத்தி ஏன் ஒண்ணும் சொல்லல?"

"எந்த மரம்?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் எந்த மரம் என்று தெரிந்தது.

"எங்க வயக்காட்டு மேக்கு வரப்பு மரம். எங்க அப்பா வெட்டி வண்டியில ஏத்துனத நான் கண்ணால பாத்தேன். அவுக முழுத் தேக்குதான் குடுத்தாவ. இந்த வீட்ல இன்னைக்கு வரைக்கும் எங்க அப்பா இல்லாத தேக்கச் சொல்லிப் பொண்ணு குடுத்தவரு. ஏரோப்பிளேன்னு சொல்லிச் சிரிச்சிக்கிட்டே சொல்லுவாவ. சாகுற வரைக்கும் அவுக இந்த வீட்டுக்கு வந்தா வாசல்லயே நின்னு பேசிட்டுப் போயிருவாவ."

பந்தலில் நான் என் பொய்யைச் சொன்னேன். நான் செய்த கெடுதலைச் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று மறைக்கவில்லை, அது ஞாபகத்துக்கே வரவில்லை. மானேஜர் 'எல்லாத்தையுமா' என்று கேட்டபோதும் வரவில்லை. பாயசம் இரண்டு தடவை குடித்தவனுக்கு எப்படி வரும்? அன்று பந்தலில் தலை குனிந்திருக்க வேண்டியவன் நான்.

அவள் பீரோவின் உள்தட்டில் கையை விட்டு ஒரு பென்சிலை எடுத்து நீட்டினாள். அண்ணாச்சியுடைய காப்பியிங் பென்சில்தான்.

"சீட்டுல எடம் இருக்கு அண்ணாச்சி" என்றாள்.

நாக்கில் நனைத்தேன். 'பிளைவுட்' என்று எழுதியதற்குக் கீழே, 'வேலுச்சாமி தம் வயலில் நின்ற முழுத் தேக்கு மரத்தைக் கொடுத்தார். பட்டறையில் அதை அடுப்பில் வைத்துக் கெடுத்தவன் நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை எழுத்து கோணலாக விழுந்தது.

அவள் வாசித்தாள். பிறகு உள்ளே பார்த்து, "பெரிய மாமா, செத்த இங்கன வாங்க" என்று கூப்பிட்டாள். மாடசாமி வந்தார். மீசை வெளுத்திருந்தது, மூக்குக் கண்ணாடியை நூலால் கட்டியிருந்தார். "சீட்டுல புதுசா எழுதியிருக்கு. கொஞ்சம் சத்தமா வாசிங்க மாமா" என்றாள்.

அவர் எழுத்துக் கூட்டி, சத்தமாக, கடைசிவரை வாசித்தார். மறுபடி ஒரு தடவை வாயை மட்டும் அசைத்து வாசித்துக்கொண்டார்.

"அப்ப அவரு சொன்னது மெய்தானா?"

"மெய்தான் அண்ணாச்சி" என்றேன்.

மாடசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பெரிய மனிதர் முன்னால் நிற்கும்போது அவர்கள் ஊரில் செய்கிற மரியாதை அது. அவருக்கு எதிரே பீரோவும், சீட்டில் வேலுச்சாமி பேரும்தான் இருந்தன.